வழக்கம்போல் கட்டிய தூண்

தூண் உடைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவரும் தட்டினார். ஒரு கணம் தாமதமாக.

அது அவர் கட்டிய தூண்.

ஒரு மாதத்துக்கு முன்பு பொறியியல் கல்லூரியிலிருந்து அவரை அழைத்துப்போகக் கார் வந்தது. முப்பத்தோர் ஆண்டுகளாகக் கம்பி கட்டுகிறவர். அவர் வாசலில் அதற்குமுன் கார் நின்றதில்லை.

“வெளியில எப்படிக் கட்டுவீங்களோ, இங்கயும் அப்படியே கட்டுங்க மேஸ்திரி. ஒண்ணும் மாத்த வேணாம்” என்றார் பேராசிரியர்.

அப்படியே கட்டினார்.

நெடுங்கம்பிகளைச் சுற்றிச் சதுர ரிங்குகள். ஒவ்வொரு ரிங்கின் முனைகளையும் மூலையில் திருப்பி, ரிங்கின் பக்கத்தோடேயே ஒட்டிப் படுக்கவைத்தார். உள்நோக்கி வளைத்தால் ரிங் எளிதில் இறங்காது, வேலை இழுக்கும். ஊரெங்கும் இதுவே வழக்கம்.

பக்கத்துத் தூணை மாணவர்கள் கட்டினார்கள். அதே கம்பி, அதே எண்ணிக்கை. முனைகளை மட்டும் தூணின் நெஞ்சுக்குள் கொக்கிபோல் வளைத்தார்கள். ஒரு ரிங்கை இறக்க மூன்று பேர் திணறினார்கள்.

வேலை தெரியாத பிள்ளைகள் என்று அவர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

இன்று இயந்திரம் இரண்டு தூண்களையும் ஆட்டியது. நிலநடுக்கம் ஆட்டுவதைப் போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

மாணவர்களின் தூண் மேலுறைக் கான்கிரீட்டை உதிர்த்துவிட்டு நின்றது.

அவருடைய தூணும் உதிர்த்தது. பிறகு ரிங்குகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. கம்பிகள் பிதுங்கின.

தூண் மண்டியிட்டது.

கைதட்டல் அடங்கியதும் பேராசிரியர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழையும் கொடுத்தார்.

“நாங்க சொன்ன எடத்துலயே, சொன்ன மாதிரியே உடைஞ்சிருக்கு. எங்க பசங்களுக்கு இந்தக் கை வராது மேஸ்திரி!”

அவர் உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏற்கெனவே கட்டினதுக்கு என்ன சார் பண்றது?”

“பூமி ஆடாம இருக்கணும்னு வேண்டிக்குங்க.”

ஆய்வுக்கூடமே சிரித்தது.

மாலையில் மகள் வீட்டுக்குப் போனார். மகளுக்குக் கல்யாணச் சீராக அவரே நின்று கட்டிக்கொடுத்த மாடிவீடு. பன்னிரண்டு தூண்கள். அவற்றில் ஒரு ரிங்கைக்கூட அவர் பிறர் கையில் விட்டதில்லை.

கூடத்துத் தூணை ஒட்டிச் சேலைத் தொட்டிலில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள்.

மகள் பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள். சான்றிதழை உரக்கப் படித்தாள். “கம்பி மேஸ்திரி சொ. மாயாண்டி அவர்களுக்கு” என்ற வரியை மட்டும் இரண்டு முறை.

வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று கூடத்துத் தூணைத் தேர்ந்தெடுத்தாள். சுத்தியலை எடுத்தாள்.

முதல் ஆணி வளைந்தது.

இரண்டாவதும் வளைந்தது.

“பாருங்கப்பா, ஆணியே எறங்க மாட்டேங்குது. யாரு கட்டின தூணு!”

பெருமையோடு திரும்பினாள்.

தொட்டில் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் பேத்தியை மார்போடு அணைத்தபடி நடுத்தெருவில் நின்றிருந்தார்.