செத்த ஓரம்

சுபத்ராவின் மடிக்கணினி கீழே விழுந்ததிலிருந்து அதன் தொடுதிரையில் வலது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குச் செத்துப்போயிருந்தது. படம் தெரியும், தொட்டால் உணராது. புதுத் திரை வேண்டாம் என்றுவிட்டாள். அவள் கணவன் அருணகிரிக்கு அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸ் கைவந்த கலை. அந்த ஓரத்தில் இருந்த மெனுப் பட்டையை இடப்பக்கம் மாற்றினான், ஐகான்களை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்திக்கொண்டே வந்தான். கடைசியில் ‘ஜெரால்ட்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் மிஞ்சியது.

“இதையும் உள்ள தள்ளிடவா?”

“அது அங்கயே இருக்கட்டுங்க. அதையெல்லாம் நான் தொறக்கிறதே இல்ல,” என்றாள் சுபத்ரா, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

யார் அவன் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அற்பனாகத் தெரிவோம் என்று விழுங்கிக்கொண்டான். திரையை அணைத்துவிட்டுத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தான். கறுத்த கண்ணாடியில், சரியாக அந்த ஃபோல்டர் இருந்த இடத்தில், விரல் ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. அழுந்தத் துடைத்தான். மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் புதிதாக ஒரு ரேகை.

அவள் குளிக்கப் போன நேரத்தில், அதற்கு நேர் கீழே தன் பெயரில் ஒரு ஃபோல்டரை வைத்தான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் திரையை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறான். மேலே ரேகை இருக்கிறது. கீழே, அவன் பெயருக்கு நேராக, அவன் துடைத்தது துடைத்தபடியே இருக்கிறது.