மூணு மாசச் சுகர்

"பாவம், அந்த மனுஷனைப் பாருங்க. ஒரு கையில ரெண்டு குழாய். மிச்சமிருக்கிற கையையும் விட மாட்டேங்கிறாளே, மகராசி!"

என் வீட்டுக்காரர் காதில் முணுமுணுத்தேன். டயாலிசிஸ் வார்டில் இவர் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். மருமகள் மாமனாரின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சுகர் மெஷினில் வைத்துப் பார்க்கிறாள். வாரம் மூன்று நாளும் இதே கூத்துதான்.

"உனக்கெதுக்கு ஊர் வம்பு? அந்தக் கேக்கை எடு," என்றார் அவர்.

எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுக்கக் கூடாது? இவருடைய மூணு மாசச் சுகர் ரிப்போர்ட் நேற்றுத்தான் வந்தது. அஞ்சு புள்ளி எட்டு! கண் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும்.

என் வாய் சும்மா இருந்தால்தானே!

"ஏம்மா, உங்க மாமனாருக்கு மூணு மாசச் சுகர் எவ்வளவு?"

"அஞ்சு புள்ளி ஆறும்மா."

"எங்களைவிடக் கம்மி! அப்புறம் எதுக்கு அவரைப் போட்டு இந்தப் பாடு படுத்துறே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் திரும்பினாள்.

"அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்கம்மா. அது ரத்த அணுவுல ஒட்டியிருக்கிற சர்க்கரையைப் பார்க்கிறது. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு அணு சீக்கிரமே செத்துடும். புது அணுவுல சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது. சுகர் ஏறிக் கிடந்தாலும் ரிப்போர்ட் கம்மியாக் காட்டும். போன வருஷம் அதை நம்பித்தான் இந்தப் பெரியவர் ஒரு கண்ணை இழந்தார்."

கேக்கைப் பிடுங்கினேன்.

"விரலை நீட்டுங்க!"

"போடி, வலிக்கும்." இவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். என்ன கெஞ்சியும் அசையவில்லை.

உதவிக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் விரல்கள் கண்ணில் பட்டன. நுனியெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

"ஐயோ, உனக்குமா சுகர்?"

பெரியவர் சிரித்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. நானும் இப்படித்தான் அடம்பிடிச்சேன். 'நீ குத்திக்கிட்டாத்தான் நான் விரலைக் கொடுப்பேன்'னு சும்மா சொல்லிவெச்சேன். பைத்தியக்காரப் பொண்ணு! ஒரு வருஷமா தன்னை முதல்ல குத்திக்கிட்டுத்தான் என்கிட்ட வர்றா."

அவள் புது ஊசியோடு எங்கள் கட்டிலுக்கு வந்தாள்.

நான் என் விரலை நீட்டினேன்.

"முதல்ல என்னைக் குத்தும்மா."