கேட்கக் கூடாத ஜெபம்

“முதல்ல உங்ககிட்ட தனியா பேசணும் ஐயா. அப்பா காதுல விழக் கூடாது.”

வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகரை அவன் நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் கூடிவரவில்லை. பக்கவாதம் வந்த அப்பா மூன்று வருடமாக உள்ளறையில் படுக்கையோடு படுக்கையாகக் கிடக்கிறார்.

“காலையிலேருந்து மூணு தடவை விரிப்பு மாத்திட்டேன். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் மேல ஏத்தறேன். இவரைக் கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்தறதுக்குள்ள முதுகு கழண்டுடுது” என்று சிரித்தான்.

போதகர் சிரிக்கவில்லை. “சபையில எல்லாரும் உன்னைத்தான் உதாரணமா சொல்றாங்க தம்பி. பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு.”

“அதைக் கேக்கும்போதுதான் உடம்பு கூசுது.” அவன் பார்வை குழாயை விட்டு நகரவில்லை. “அப்பா சுகமாகணும்னு ஜெபிக்கிறதை விட்டு ஒரு மாசமாச்சு ஐயா. இப்பல்லாம்... ‘ஆண்டவரே, அவரைச் சீக்கிரம் எடுத்துக்கோங்க’ன்னுதான் கேக்கறேன். அவருக்கு வலிக்குதேன்னு இல்ல. எனக்கு முடியலைன்னு. நேத்து ஷேவ் பண்ணும்போது கன்னத்துல கீறிட்டேன். ‘பரவாயில்லடா’ன்னு அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். நான் மனுஷனே இல்ல. ஒரு வழி சொல்லுங்க.”

போதகர் அவன் தோளில் கை வைத்தார்.

“களைச்சுப்போயிருக்கே. அது ஆண்டவருக்குத் தெரியாதா? இதை நீ ஒண்டியா சுமக்கணும்னு அவர் சொல்லவே இல்லையே. வாரத்துல ரெண்டு நாள் மத்தியானம் நான் வந்து உக்காந்துக்கறேன். நீ போய்த் தூங்கு.”

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் பின்னாலேயே உள்ளறைக்குப் போனான். அப்பாவை நிமிர்ந்து பார்க்கும் தைரியமில்லாமல், கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

“பெரியவரே, உங்களுக்கு நல்ல சுகம் தரணும்னு ஜெபிப்போமா?” என்றார் போதகர்.

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். கோணிய வாயிலிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

“வேணாம் ஐயா. வலி தாங்கல, நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும். ஆனா எனக்கப்புறம் இவன்கூட ஒரு வார்த்தை பேசக்கூட இந்த வீட்டுல ஆளில்ல. அதான், ‘இன்னும் கொஞ்ச நாள் இவனுக்குத் துணையா விட்டு வைங்க’ன்னு தினமும் ஆண்டவரைக் கெஞ்சிட்டிருக்கேன்.”