உண்மையா, போலியா?

எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது அன்றைய பாடம். தவமணி டீச்சர் ஒன்பதாம் வகுப்பின் திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லி, ஒருவரை மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பவர்களின் முகங்கள் படத்தில் விழவில்லை; கைகள் மட்டுமே தெரிந்தன.

"ரத்தத்தைப் பாருங்க டீச்சர், தக்காளி சாஸ் மாதிரியே இருக்கு."

"வீட்ல சாஸ் வாங்குற ஆளுடா இவன்!"

வகுப்பு சிரித்தது. நிழலின் திசையைப் பார்க்க ஒருமுறை, கட்டப்பட்டவரின் உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க இன்னொருமுறை என அந்த மனிதர் திரும்பத் திரும்ப அடிபட்டார். கடைசி வரிசையில் ஒருவன் முறுக்கைக் கடித்தபடி, மெதுவாக ஓட்டச் சொன்னான். கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள் என்று டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

போலி என்று எல்லாரும் கை தூக்கினார்கள், சுகிர்தாவைத் தவிர.

"உண்மைன்னு நினைக்கிறியா? ஆதாரம் சொல்லு பார்ப்போம்."

சுகிர்தா எழுந்தாள். செருப்பை ஓங்கியபடி திரையில் உறைந்திருந்த கையின் கட்டைவிரலில் நகம் இல்லை. அது அவள் அப்பாவின் கை. காலையில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் மடித்துக் கட்டி அனுப்பியதும் அதே கைதான்.

"சொல்லும்மா, தப்பானாலும் பரவாயில்ல."

அவள் ஒரு ரிப்பனை அவிழ்த்தாள். பிறகு மற்றதை.

"ஏய், கிளாஸ்ல என்ன தலைவிரிகோலம்?"

கூந்தலில் ஏதோ ஒட்டியிருப்பதைப் போல உதறி உதறிப் பிரித்துக்கொண்டிருந்தாள் சுகிர்தா.