தேனீக்களுக்குச் சொன்ன செய்தி

மெஸ்யான் கோட்டைச் சாவியால் முதல் தேன்கூட்டை மூன்று தட்டுத் தட்டினான்.

"உங்க அரசி திஸிரி செத்துப்போயிட்டா. கேட்டுக்கோங்க."

சொல்லிவிட்டு மேலாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணன் மகளுக்காக அழுகிற சித்தப்பா! முதலைக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணீர் வந்திருக்கும்.

கூடுகள் வைத்திருந்த தேன்மாடத்தில் எள் போட்டால் எள் விழாது. பன்னிரண்டு குலத் தலைவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

தக்மூத் மலைநாட்டில் ஆள்பவர் இறந்தால், நெருங்கிய இரத்த உறவு வந்து தேனீக்களிடம் சொல்ல வேண்டும். சொன்னது உண்மையானால் கூட்டின் ரீங்காரம் அடங்கிவிடும். அடங்கினால் தட்டிய சாவியும் ஆட்சியும் தட்டியவருக்கே. அதற்கப்புறம் போனவரை யாரும் தேடமாட்டார்கள்.

அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் தனிர்த் பயந்தாள். அவள் அரசியின் விசாரணை அதிகாரி. அரசி வேட்டைக்குப் போய் நான்கு நாளாகிறது, இவள் சரியாகத் தூங்கியும் நான்கு நாளாகிறது.

சிறுத்தை அடித்துவிட்டது என்று மெஸ்யான் கொண்டுவந்து போட்டது இரத்தம் தோய்ந்த ஒரு மேலாடையைத்தான். துணி தாறுமாறாகக் கிழிந்திருந்தது. தோளில் மாட்டும் வெள்ளி ஊசி மட்டும் பதவிசாகக் கழற்றப்பட்டிருந்தது.

ஊசி கழற்றத் தெரிந்த சிறுத்தையைத் தனிர்த் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஓர் ஊசியை வைத்து அரச குடும்பத்து ஆள்மேல் கை வைக்கச் சபை ஒப்பவில்லை.

கூடு ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தனிர்த்துக்கு மட்டும் ஆச்சரியமில்லை.

போன வருடம் பழைய அரசர் இறந்தபோது இதே கூட்டின் பின்புறம் அவள் கொஞ்சம் சாம்பலைப் பார்த்தாள். நெருக்கிக் கேட்டதில் கூடுகளைப் பராமரிக்கும் யெத்தர் உளறிவிட்டார். காய்ந்த காளானைப் புகைத்தால் தேனீக்கள் மயங்கிவிடும். ஏழு தலைமுறையாக நடந்துவந்த அதிசயம் அவ்வளவுதான்.

அன்று அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை யெத்தரிடம் போய் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பெரியவரே, இன்னிக்குப் புகை வேண்டாம்."

அவர் தலையாட்டினார்.

அரசி உயிரோடு இருக்கிறாளா என்பது தனிர்த்துக்குத் தெரியாது. எங்கே என்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சாவியோடு நிற்கிறான். அவனோ தேனீக்களை முழுசாக நம்புகிறவன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமலா போகும்?

மெஸ்யான் மறுபடி தட்டினான். இந்தத் தடவை கூட்டின் களிமண் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

"திஸிரி செத்துட்டா!"

ரீங்காரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"காது மந்தமோ என்னவோ. இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லுங்க பிரபு" என்றார் வடக்குக் குலத்துக் கிழவர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மெஸ்யானுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதைதான். முகம் வெளுத்துவிட்டது. கண் ஒரே ஒருமுறை மேற்கு மலைப்பக்கம் போய்வந்தது. தன் மெய்க்காவலனை அருகில் இழுத்துக் காதில் என்னவோ சொன்னான். அவன் நழுவினான். கொஞ்ச நேரத்தில் குதிரைக் குளம்போசை கேட்டது.

தனிர்த் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவளுடைய மூன்று வீரர்கள் காலையிலிருந்தே சேணம் பூட்டிக் காத்திருந்தார்கள். போகிறவன் பின்னாலேயே போக வேண்டும். கிடைப்பது உடல் என்றால் கொம்பை ஒருமுறை ஊத வேண்டும். உயிர் என்றால் இருமுறை.

சபை கலையவில்லை. பார்லி ரொட்டி வந்தது, யாரும் தொடவில்லை. வெயில் மதிலைத் தாண்டி இறங்கியது.

கொம்பு ஊதியது.

ஒன்று.

தனிர்த் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணை இன்னும் இரண்டு நாள் முன்னால் தேடியிருக்கக் கூடாதா என்று தன்னையே சபித்துக்கொண்டாள்.

அப்புறம், மூச்சு வாங்கிக்கொண்டு ஊதுகிறவனைப் போல, இன்னொன்று.

"அரசி உயிரோட இருக்காங்க!" என்று தனிர்த் கூவினாள். தேன்மாடமே கத்தியது. கிழவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். மெஸ்யானின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிவிட்டு அவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் வந்த வீரன் மூச்சிரைக்கச் சொன்னான். மலைமேல் பாழடைந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. அடியில் தேங்கியிருந்த சேற்றுநீரைக் குடித்துக்கொண்டு, கால் முறிந்து, நான்கு நாள். மேலே தூக்கியதும் அரசி கேட்ட முதல் கேள்வி, என் வெள்ளி ஊசி பத்திரமாக இருக்கிறதா என்பதுதான்.

தனிர்த்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் யெத்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க புகை போடாம இருந்ததுல ஒரு உயிர் பிழைச்சுது பெரியவரே."

அவர் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சிடுங்க விசாரணைக்காரம்மா. எங்க குட்டு வெளிப்பட்டுடுமோன்னு பயந்துட்டேன். போட்டேன். எப்பவும் போடுறதைவிட ரெண்டு மடங்கு."

அவர்களுக்குப் பின்னால் கூடு இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.