முந்நூறாம் பக்கம்

பல் மருத்துவர் ஏழாம் முறையாக அதே மாயாஜாலக் காதல் நாவலைக் கேட்டார். நூலகர் அலமாரிக்குப் போகாமல், தம் மேசை இழுப்பறையிலிருந்தே அதை எடுத்துக் கொடுத்தார்.

“போன தடவையும் திட்டிக்கிட்டேதானே திருப்பிக் குடுத்தீங்க, டாக்டரம்மா?”

“திட்டாம கொஞ்சவா? டிராகனையே அடக்குற இளவரசன், ‘பிடிச்சிருக்கு’ன்னு சொல்ல முந்நூறு பக்கம் எடுத்துக்கறான். ஊர்ல எல்லாரையும் வாயைத் திறக்க வைக்கிறேன். இவன்கிட்ட என் பருப்பு வேகல.”

“அப்புறம் ஏன் மறுபடியும்?”

“சொல்லும்போது நல்லாச் சொல்றானே.”

முத்திரை குத்திய புத்தகத்தை வைக்க மருத்துவர் தம் கைப்பையைத் திறந்தார். உள்ளே அதே நாவல், அட்டை நைந்து, நூலக முத்திரை இல்லாமல் கிடந்தது.

“சொந்தமாவே வச்சிருக்கீங்களா? அப்புறம் எதுக்கு இங்க வந்து வாங்கறீங்க?”

“இங்க இருக்கறவருக்கு முந்நூறு பக்கம் முடிஞ்சிருச்சான்னு பாக்கத்தான்.”

நூலகர் ஒருவழியாக வாயைத் திறந்தார்: “பிடிச்சிருக்கு.”