பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு

டெங்கு வந்த வீட்டைச் சோதித்தே ஆக வேண்டும் என்பது விதி. இன்று அந்த வீடு அவனுடையது. தெருத்தெருவாகக் கொசுப்புழு தேடுவதுதான் அவன் பிழைப்பு. இப்போது சொந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கூட வேலை பார்க்கும் பெண் பிரிட்ஜை நகர்த்தி, பின்பக்கத் தட்டை மெல்ல உருவுகிறாள். டார்ச் வெளிச்சத்தில் பழுப்புத் தண்ணீர் தளும்புகிறது. நூல் துணுக்குகளாகத் தலைகீழாய்த் தொங்கும் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்குப் போகின்றன. அடுத்தவர் வீட்டில் இந்தத் தட்டைத்தான் அவன் முதலில் இழுக்கச் சொல்வான். புழு இருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். இவள் கத்தவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், “விடுங்கண்ணே, நான் கொட்டிடறேன். யார்கிட்டயும் சொல்லல” என்கிறாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கிறது அவனுக்கு. கட்டிலில் காய்ச்சலோடு கிடக்கும் மகள், செம்புள்ளிகள் பூத்த கையை ஊன்றி எழப் பார்க்கிறாள். “என்னப்பா இருக்கு அதுல?” அவன் சட்டென்று தட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறான். “ஒண்ணுமில்லடா கண்ணு, வெறும் தண்ணி.” வாசல் வாசலாக அவனிடம் எல்லோரும் சொல்லும் பதில் அது. ஒரு நாளும் அவன் அதை நம்பியதில்லை.